கதவோரத் தட்டு

எங்கள் தீவில், நௌசோரி சந்தையில் காய்கறியை நிறுத்து விற்கமாட்டார்கள். கத்தரிக்காயோ எலுமிச்சையோ, குவித்து வைத்திருப்பார்கள்; ஒரு குவியல் இவ்வளவு என்று விலை. பேரம் பேசினால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இந்தச் சந்தையில் கொடுத்த காசுக்கு மேலே வாங்கிவரத் தெரிந்தவள் எங்கள் வீட்டு வரிசையில் ஒருத்திதான், உனைசி.

சனிக்கிழமை விடியும் முன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குமேல்தான் கிளம்புவாள். பசியோடு சந்தைக்குப் போகிறவள் கண்டதையெல்லாம் வாங்கிவருவாள் என்பது அவள் கட்சி. தவிர, விற்கவந்தவர்களை மேற்காட்டு ஊர்களுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் லாரி ஒரு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் விற்காத சரக்கைத் தூக்கிச் சுமக்க யாருக்கு ஆசை? பன்னிரண்டு மணிக்கு மேல் இரண்டு குவியல் ஒரு குவியல் விலைக்கு வந்துவிடும்.

அப்போதும் உனைசி விலை கேட்கமாட்டாள். விற்பவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, எந்த ஊர், யார் மகள், அங்கே மழை எப்படி என்று ஆரம்பிப்பாள். பத்து நிமிஷத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு பெரியப்பா கிடைத்துவிடுவார். எழுந்திருக்கும்போது கூடையில் ஒரு கை சேம்பு இலை கூடுதலாக இருக்கும். மரவள்ளியை நுனி உடைத்துக் காட்டச் சொல்வாள். உள்ளே நீலக் கோடு ஓடியிருந்தால் தொடமாட்டாள். தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். கோத்து வைத்த அழகான மீன்களைக் கண்ணால் பார்த்து ரசித்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய்ச் சூரை மீன் தலைகளை வாங்குவாள். தலையில்தான் சாறு இருக்கிறது, உடம்பில் வெறும் சதை என்பாள்.

அடுப்படியிலும் அப்படித்தான். சேம்பு இலை நன்றாகக் குழைந்து அடங்கும்வரை பானையை விட்டு நகரமாட்டாள், ஏனென்றால் அரைவேக்காட்டு இலை தொண்டையை அரித்து எடுத்துவிடும். தேங்காயை இரண்டு தரம் பிழிவாள். தண்ணீர்ப் பாலில் வேகவைத்து, கெட்டிப் பாலை இறக்கும்போது ஊற்றுவாள். அவள் கையால் சமைத்த இலைக்குத் தொண்டை அரித்ததாக ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சாப்பிடும்போது கதவைத் திறந்து வைப்பார்கள். வாசலோடு யார் போனாலும் உள்ளிருந்தே, "வாங்க சாப்பிட!" என்று குரல் கொடுக்க வேண்டும். போகிறவர், "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கூப்பிடாதவன் கஞ்சன், கூப்பிட்டதும் உட்காருகிறவன் நாகரிகம் தெரியாதவன். நூறு தடவை கூப்பிட்டால் ஒருவர் உள்ளே வருவார். அந்த ஒருவருக்கு ஒரு தட்டு இருக்கத்தான் வேண்டும்.

பேருந்து நிலையத்துக் காவல்காரர் ஜெகோபே எல்லா நாளும் அந்த ஒருவராக இருந்தார். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் வேலைக்குப் போகிற வழியில் ஒருநாள் சாயங்காலம் உனைசி கூப்பிட்டாள். மனிதர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்து வீட்டு உலமிலா, உனைசிக்கு நாத்தனார் முறை, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏ மதினி, நீ மரியாதைக்குக் கூப்பிட்ட, அவரு குடும்ப அட்டையில பேர சேத்துட்டாரே!"

"சேந்தா சேந்துட்டுப் போறாரு. அஞ்சு பேரு சாப்பிடுற பானையில ஆறாவது ஆளு தெரியவா போறாரு?" என்றாள் உனைசி.

தெரியாமல்தான் இருந்தது, பத்து மாதம். அதற்குள் மர அறுவை ஆலையில் வேலை பார்த்த அவள் புருஷன் தானியேலாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கை. சம்பளம் பாதியாயிற்று. உனைசி அசரவில்லை. மீன் தலைச் சாற்றில் பப்பாளிக்காயை அரிந்து போட்டாள். வேலியோரக் கீரையைப் பறித்தாள். டின் மீன் ஒன்றை இரண்டு நாளைக்கு இழுத்தாள். பிள்ளைகள் மூன்றுக்கும், புருஷனுக்கும், கதவோரத் தட்டுக்கும் போட்டுவிட்டு, தன் தட்டில் மட்டும் மரவள்ளியைக் குறைத்துக்கொண்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ரேவா ஆறு பெருகியது. கரையோரத் தோட்டமெல்லாம் சேறு. சந்தையில் குவியல்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டன. மேற்காட்டு லாரி வரவே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் போன உனைசி வெறும் பலகையைப் பார்த்துவிட்டு நின்றாள். அவள் கற்ற வித்தையெல்லாம் சந்தையில் சரக்கு இருந்தால்தானே செல்லும்!

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து தட்டுகளை வைத்தாள். ஐந்துக்கே பற்றவில்லை. ஜெகோபே வரும் நேரம். கூப்பிட்டால் வந்துவிடுவார். வாசலில் போகிற மனிதரைப் பார்த்துக்கொண்டே கூப்பிடாமல் எப்படிச் சாப்பிடுவது? எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே செருப்புச் சத்தம் வந்து, வாசலருகே மெதுவாகி, நின்று, பிறகு போனது. உனைசி தன் தட்டிலிருந்ததைச் சின்னவன் தட்டில் தள்ளினாள்.

செவ்வாயும் சாத்தினாள். புதனும் சாத்தினாள்.

எங்கள் வரிசையில் சாப்பாட்டு நேரத்தில் கதவு மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது. "உனைசி வீட்டுக் கதவு சாத்தியிருக்கு" என்று ஜெகோபே குழாயடியில் கவலையாகச் சொன்னதென்னவோ உண்மை. அது அடுத்த குடம் நிறைவதற்குள் "தானியேலாவுக்கு ரொம்ப முடியலையாம்" ஆயிற்று. கடைசிக் குடத்துக்கு ஆள் போயே சேர்ந்துவிட்டான்.

வியாழன் சாயங்காலம் சாத்திய கதவுக்கு வெளியே ஒப்பாரி கேட்டது. தானியேலா முதுகைப் பிடித்துக்கொண்டு, கையில் தட்டோடு வந்து திறந்தான். வாசலில் பதினைந்து பெண்கள், கறுப்புத் துணி, சுருட்டிய பாய்கள், ஒரு மூட்டை மரவள்ளி, பிஸ்கட் டின், பெரிய கட்டுச் சேம்பு இலை, தேங்காய்கள். முன்னால் உலமிலா, தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியபடி.

"யாரு செத்தது?" என்றான் தானியேலா.

உலமிலா கையை இறக்கினாள். "நீதான்னு சொன்னாங்க."

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"

"தெரியுது, தெரியுது. கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் தொண்டைய மிச்சம் பண்ணியிருப்பேன்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். உனைசி ஓடி வந்தாள். "சின்னவனுக்குச் சளி மதினி. காத்து படக்கூடாதுன்னு சாத்தினேன்."

உலமிலா அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். பாயில் நாலு தட்டு, தானியேலா கையில் ஒன்று. ஆளுக்கு ஒரு துண்டு மரவள்ளி, உனைசியின் தட்டில் அதுவும் இல்லை. பானையில் சாறு என்ற பெயரில் தண்ணீர்.

"சளி புள்ளைக்கு இல்ல மதினி, பானைக்கு," என்றாள் மெதுவாக.

உனைசி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "கதவத் தொறந்தா கூப்பிடணும். கூப்பிட்டா அவருக்குப் போடணும். என்கிட்ட இல்ல மதினி. இல்லன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல. எப்படிச் சொல்றது?"

"சொல்லாத. நகரு." உலமிலா மரவள்ளி மூட்டையை உள்ளே தள்ளினாள்.

"ஐயோ, வேணாம். எடுத்துட்டுப் போயிருங்க."

"எழவுக்குக் கொண்டாந்தத திருப்பி எடுத்துட்டுப் போனா எங்க வீட்டுல எழவு விழும். உன் புருஷன் சாகாதது எங்க தப்பா?"

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக உனைசி கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் நின்றவர்களும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி தேங்காய் துருவ உட்கார்ந்தாள். ஒருத்தி அடுப்பை ஊதினாள். உனைசி கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை அலசிப் பானையில் போட்டாள். கதவு அகலத் திறந்து கிடந்தது.

இலை பாதி அடங்கியிருந்தபோது ஜெகோபே வந்தார். தலையைக் குனிந்தபடி, தெருவின் அந்த ஓரமாகவே நடந்தார். மூன்று நாளும் சாத்திய கதவு யாருக்காகச் சாத்தப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, வாங்க சாப்பிட!" என்று கத்தினாள் உனைசி.

அவர் நின்றார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆகட்டும் தங்கச்சி. நீங்க சாப்பிடுங்க."

பத்து மாதமாக ஒருவராலும் அவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாத பேச்சு அது. உனைசி வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் போய், அவர் தோள் பையைப் பிடித்து இழுத்தாள்.

"அது மத்தவங்க சொல்றது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க அத? வாங்க."

"வேலைக்கு நேரமாச்சும்மா..."

"இவ்வளவு நாளும் ஆகாத நேரமா? வாங்கண்ணே. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். வாங்க."

அவர் வந்து கதவோரம், தன் இடத்தில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகிற மனிதரைக் காக்கவைக்க மனசில்லாமல் உனைசி பானையை அவசரமாக இறக்கி, பாலை ஊற்றி, முதல் அகப்பையை அவர் தட்டில் போட்டாள். பிறகு எல்லோருக்கும் பரிமாறினாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கை இலை வேகவில்லை. உலமிலா கண்ணில் நீர் வர இருமினாள். தானியேலா தண்ணீர்ச் சொம்பைத் தேடினான். அத்தனை பேருக்கும் தொண்டை அரித்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெகோபே தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினார்.