லைலின் பளபளக்கும் சிலிண்டர்

அமெரிக்காவில் ஷெபாய்கன் ஊரில் வெல்டிங் கேஸ் கடை கவுன்டரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். எத்தனையோ முட்டாள்களைப் பார்த்தாச்சு. லைல் புரூகர் மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், கராஜில் பீர் காய்ச்சுவான். பீப்பாயிலிருந்து பீர் வெளியே வர கார்பன் டை ஆக்சைடு வேணும். பெரிய இரும்பு சிலிண்டரா வாங்கு, பார்க்க அசிங்கமா இருந்தாலும் வருஷம் பூரா வரும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? ஃப்ரிட்ஜுக்குப் பொருத்தமாம், சின்னதாக ஒரு அலுமினிய சிலிண்டர் வாங்கினான். ஞாயிறுதோறும் கார் பாலிஷ் போட்டுத் தேய்ப்பான். போதாததற்குப் பேரையும் பொறித்துக்கொண்டான். தூ!

மகள் கெண்ட்ராவின் கல்யாணத்துக்குத் தன் பீர்தான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் வேறு. முந்தின நாள், கடை அடைக்கிற நேரத்தில், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். குழாய் கசிந்து கேஸ் மொத்தமும் காலி.

"நிரப்பிக் குடு, மார்ஜ்."

"இங்க நிரப்பறதில்ல. காலிய வெச்சுட்டு நிறைஞ்சதை எடுத்துட்டுப் போ. எல்லாரும் அப்படித்தான்."

நிறைந்தவை வரிசையாக நின்றன. துருவும் சொட்டையும், எவனோ அடித்த பச்சை பெயின்டும்.

"இந்தக் கருமத்தையா? இதுல என் பேரு இருக்கு!"

"நாளைக்கு உன் பொண்ணு கல்யாணம்யா. கிளாஸை நீட்டறவங்களுக்கு உன் பேரையா ஊத்துவே?"

முறைத்துவிட்டு, காலி சிலிண்டரோடு போயே போய்விட்டான்.

மறுநாள் கடை திறந்ததும் கெண்ட்ரா வந்தாள். தலை நிறைய முடி சுருட்டுகிற கிளிப். அழுத கண். கையில் அப்பனின் சிலிண்டர்.

"அவருக்குத் தெரியாது மார்ஜ். மாத்திக் குடுங்க."

பச்சையைக் கொடுத்தேன். பத்து மணிக்கே யாரோ ஒருத்தன், காலிதான் என்று சொல்லியும் கேட்காமல், பளபளப்பில் மயங்கி, தன் காலி சிலிண்டரை வைத்துவிட்டு லைலுடையதை எடுத்துப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே கல்யாண இரைச்சல்.

"என் சிலிண்டர் யார்கிட்ட போச்சு மார்ஜ்?"

"எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். பீர் வருதா?"

"அதெல்லாம் வருது, குடிக்கறாங்க. யார்கிட்ட போச்சு?"

மைக்கில் ஒருத்தன் கூவினான்: "அடுத்து அப்பாவும் பொண்ணும் ஆடப்போறாங்க! லைல், எங்க இருக்கீங்க?" பாட்டும் ஆரம்பித்துவிட்டது.

"அவ நடுவுல தனியா நிப்பாடா. போய் ஆடு, மடையா!"

"அவன் வண்டி என்ன கலர்னாவது ஞாபகம் இருக்கா?"

பாட்டு முடிகிற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.