சித்தியின் ஊர்வலமும் ஐந்தாவது கியரும்

மேடையில் வென்ற வாதங்கள் கைதட்டல் ஓய்வதற்குள் காற்றோடு போய்விடும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் என் பத்தாவது வயதில் நான் வென்றதாக நம்பிய ஒரு வாதம், இரும்பாகவே உருக்கொண்டு ஒரு காரின் வயிற்றுக்குள் போய் அமர்ந்துகொண்டது. அதன் விளைவை அருப்புக்கோட்டைக் கடைவீதியின் நடுவே, பதினொரு மணி வெயிலில், நானே எழுந்து நின்று எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய பந்தயக் கார் இருந்தது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இருவர் மட்டுமே அமரலாம். யாரோ ஒரு பஞ்சாலை முதலாளியின் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக் கிடந்த வண்டியை இழுத்து வந்து, பாளையம்பட்டியில் இருந்த தம்முடைய பட்டறையில் வைத்து இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டி ஓடவைத்தவர் அவர். காற்றைக் கிழிப்பதற்காகக் கடல்கடந்த தேசத்தில் செய்யப்பட்ட அந்த வாகனத்துக்கு எங்கள் ஊரில் கிடைத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கல்யாண ஊர்வலம். மாலையும் கழுத்துமாக மணமக்களை இருக்கைகளுக்குப் பின்னால் உயர்ந்திருந்த பின்மேட்டில் உட்காரவைத்துக்கொண்டு, பேண்டு செட்டுக்குப் பின்னால், நடக்கிறவர்களின் வேகத்தில் அது நகரும். இந்துக்கள் வீட்டுக்கும் போகும், எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் வீட்டுக்கும் போகும். வாழ்நாளெல்லாம் முதல் கியரிலேயே ஊர்ந்த பந்தயக் கார் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சித்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தாத்தா காலமாகிவிட்டதால் தங்கையின் திருமணம் முழுவதும் மாமாவின் தலையில். மாப்பிள்ளைக்குத் திருச்சுழி சொந்த ஊர். வேலை ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். திருமணத்துக்குப் பத்தே நாட்கள் இருக்கும்போது மாமா காரைக் கல்முட்டுகளின் மேல் ஏற்றி, அடியில் படுத்து, கியர் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து வைத்தார்.

என் தாய் பட்டறை வாசலில் வந்து நின்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? பத்து நாளு கெடக்கு, வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்க!”

“நாலு கியரு பத்தாதுக்கா. அறுபதுல போனாலே எஞ்சின் அலறுது. அஞ்சு கியர்ப் பெட்டி ஒண்ணு மதுரையில பழைய இரும்புக் கடையில கெடைச்சிருக்கு. அஞ்சாவது ஓவர்டிரைவு. சக்கரம் ஓடிக்கிட்டே இருக்கும், எஞ்சின் பாட்டுக்கு நிதானமா மூச்சு விடும்.”

“இருக்கிற நாலுல மூணாவதப் போடவே இந்த ஊருல எடங் காணல. அஞ்சாவத எங்க கொண்டுபோயிப் போடுவ?”

அப்போது நான் குறுக்கிட்டேன். பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் கோப்பை எனக்கென்று எழுதிவைத்திருந்த காலம் அது. கவிழ்த்துவைத்த எண்ணெய் டின்னின் மேல் ஏறி நின்று, நான்கோடு நின்றுவிட்ட சமுதாயம் உண்டா என்று தொடங்கி, மனித குலத்தின் முன்னேற்றம் முழுவதையும் ஐந்தாவது கியருக்கு ஆதரவாகத் திரட்டி நிறுத்தினேன். மாமா கிரீசுக் கைகளைத் தட்டி, “தீர்ப்புச் சொல்லியாச்சு. பிள்ளை செயிச்சிருச்சு” என்றார். அந்தப் பெட்டி என் நாவன்மையால்தான் அந்தக் காருக்குள் ஏறியது என்று அன்று முழுமனதாக நம்பினேன்.

ஏறுவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. பழைய எஞ்சினின் துளைகளும் புதிய பெட்டியின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. விசைத்தறிக்குச் சக்கரம் கடைந்து தருகிற லேத்துக்காரர் ஒருவர், இரண்டுக்கும் நடுவில் வைப்பதற்கு விரல்கனத் தகடு ஒன்றைக் கடைந்தார். முதல் தகடு மயிரிழை விலகியதால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் கடைந்தார். புதிய பெட்டி நீளமானது என்பதால், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை வெட்டிக் குறுக்கிப் பற்றவைத்தார்கள். கியர்க் கம்பி பழைய இடத்தைவிட்டு ஒரு சாண் பின்னால் முளைத்தது. அதற்காகத் தரைத்தகட்டில் ஒரு புதுத் துளை. நாட்கள் கழிந்தன. கார் மட்டும் கல்முட்டுகளை விட்டு இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் தந்தை மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். வேலையைக் குனிந்து பார்ப்பார், டயரை மிதிப்பார், எப்போது முடியும் என்று கேட்பார். அவருக்குக் கார்களின்மேல் அத்தனை பிரியம் என்று நான் எண்ணிக்கொண்டேன். மூன்றாம் முறை அவர் மாமாவின் தோளில் கைவைத்துச் சொன்னதை அருகிலிருந்து கேட்டேன்.

“தம்பி, சகுனம் பாக்குறது பாவம்னு நம்ம சபை ஐயரு பிரசங்கத்துல சொல்றாரு. நானும் ஆமென் சொல்லிட்டுத்தான் வாரேன். ஆனா ஊர்வலத்துல பொண்ணு ஏறின வண்டி மக்கர் பண்ணி நின்னுச்சுன்னு வைங்க, எங்க ஆளுக வாய என்னால அடைக்க முடியாது. காலத்துக்கும் அந்தப் பிள்ளையச் சொல்லிக் காட்டுவாக.”

மாமா தலையாட்டினார். அன்று மாலையே பாலவனத்தத்திலிருந்து ஒருவர், அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தார். “அடுத்த மாசம் வண்டி இருக்காது அண்ணாச்சி” என்று மாமா நிமிராமலே சொல்லி அனுப்பினார். யாரோ நமக்கு முன்பே பேசிவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன்.

திருமணத்துக்கு முந்தைய நாள் காலையில்தான் கார் தரையைத் தொட்டது. மாமா என்னை ஏற்றிக்கொண்டு திருச்சுழிச் சாலையில் விட்டார். இருபுறமும் கருவேலங்காடு, எதிரே ஆள் அரவமற்ற தார். நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றியதும், அலறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. வேகமோ குறையவே இல்லை. மாமா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கார் அதுவரை செய்துவந்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் ஆலயத்தில் ஆராதனை முடிந்தது. சித்தியும் மாப்பிள்ளையும் காரின் பின்மேட்டில் ஏறி அமர்ந்தார்கள். பூக்கூடையோடு நான் மாமாவுக்குப் பக்கத்து இருக்கையில். முன்னால் பேண்டு செட்டு. பின்னால் இரு வீட்டார். எங்கள் வீடு இருக்கும் பாளையம்பட்டி வரைக்கும் இப்படியே போகவேண்டும். புறப்பட்ட இருபதாவது அடியில் கார் ஒருமுறை குலுங்கியது. மாமாவின் முகம் மாறியது.

பழைய பெட்டியின் முதல் கியர் ஆள் நடையோடு ஒத்துப்போகும். நெடுஞ்சாலைக்கென்று செய்யப்பட்ட இந்தப் பெட்டியின் முதல் கியரோ, கிளட்சிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் ஓடத் துடித்தது. அதை அடக்க, மாமா கிளட்சைப் பாதி மிதித்தபடியே நகர்த்த வேண்டியிருந்தது. கடைவீதி திரும்புவதற்குள் கருகல் வாடை எழுந்தது. கார் மீண்டும் ஒருமுறை துள்ளி, பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்தவரின் முதுகில் உரசி நின்றது. அவர் திரும்பி, “அண்ணே, மாப்பிள்ளைய ஏத்தச் சொன்னாகளா, என்னைய ஏத்தச் சொன்னாகளா?” என்றார். சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவருடைய இடது கால் நடுங்குவதை நான் பார்த்தேன். பின்னால் மாப்பிள்ளை வீட்டாரில் ஒரு பெண், “என்னமோ கருகுதே!” என்றாள். சித்தி குனிந்து என் சடையைப் பற்றிக்கொண்டாள்; அந்தப் பிடி வலித்தது.

“தாயி,” என்றார் மாமா, உதடு அசையாமல். “எந்திரிச்சு நின்னு பேசு.”

“என்ன பேச?”

“என்னத்தையாவது பேசு. கிளட்சுப் பிளேட்டுச் சூடு ஆறணும். வண்டி நின்னதா ஒருத்தனும் நெனைக்கக் கூடாது, நீ பேசுறதுக்காக நிப்பாட்டினதா இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் வாய மூடாத.”

நான் இருக்கையில் ஏறி நின்று கையை உயர்த்தினேன். “அன்பார்ந்த பெரியோர்களே!” என்ற என் குரலில் பேண்டு அடங்கியது. அதன்பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாழ்த்துரை என்று எதையும் நான் மனப்பாடம் செய்திருக்கவில்லை. கைவசம் இருந்தது பரிசு வாங்கிய பேச்சு ஒன்று: நேரத்தின் அருமை. அதையே எடுத்துவிட்டேன். ஒரு நொடியையும் வீணாக்கலாகாது என்று, தார் உருகும் வெயிலில் நூறு பேரை நிறுத்திவைத்து முழங்கினேன். பத்திக்கு ஒருமுறை மணமக்களை வாழ்க என்றேன். கூட்டம் கைதட்டியது. மாமா என் பாவாடை நுனியை இழுத்தபோது பேச்சை முடித்து, அவர் காதில் சொன்னபடியே, பேண்டு செட்டார் முன்னே போய் அடுத்த முக்கில் நிற்கும்படி அறிவித்தேன்.

அவர்கள் போய் நின்றதும் மாமா காலை எடுத்தார். கார் தனக்குப் பிடித்த வேகத்தில் ஒரே பாய்ச்சலாக ஓடி அவர்களை எட்டியது. அங்கே நிறுத்தி, மீண்டும் என்னை எழுப்பினார். இரண்டாவது முக்கில் நூலகத்தின் பயன். மூன்றாவதில் என்னிடம் மிச்சமிருந்தது மதுவிலக்கு ஒன்றுதான். குடியால் அழிந்த குடும்பங்களை நான் வரிசைப்படுத்தத் தொடங்கியதும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் மெல்ல நிழலுக்கு ஒதுங்கினார்கள். அதுவரை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். சித்தியின் பிடி தளர்ந்தது.

கடைசியில் எங்கள் தெருவின் ஏற்றம். என்னிடம் பேச்சும் தீர்ந்தது, மாமாவிடம் கிளட்சும் தீர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் இரைந்தது; சக்கரம் தயங்கியது; கார் பின்னோக்கி ஒரு விரற்கடை நழுவியதை நான் உணர்ந்தேன். மாமா கண்களை மூடிக்கொண்டார். ஜெபித்தாரா, எஞ்சினின் சத்தத்தைக் கேட்டாரா, தெரியாது. பிறகு புகையைக் கக்கிக்கொண்டு, வண்டி தானாகவே ஏறி எங்கள் பந்தலுக்குள் நுழைந்து நின்றது.

மாப்பிள்ளையின் தந்தை இறங்கும் மகனுக்குக் கைகொடுத்தபடி சொன்னார்: “வண்டி பரவாயில்ல தம்பி. பிள்ளைதான் கொஞ்சம் ஓவராப் பேசுது.”

இரண்டு நாள் மாமா காரின் அடியிலேயே படுத்துக் கிடந்து புதுப் பிளேட்டுப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் சித்தியும் சித்தப்பாவும் ஓசூருக்குப் புறப்பட்டார்கள். காரில்தான். பின்மேட்டில் பெட்டிகளைக் கயிறுபோட்டுக் கட்டினார் மாமா. சித்தப்பாவை ஸ்டியரிங் சக்கரத்தின் முன் உட்காரவைத்து, அவர் கைமேல் தம் கையை வைத்து ஐந்து கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். “ஊருக்குள்ள மட்டும் அவசரப்படுத்தாதீக. ரோட்டுல விட்டுட்டீகன்னா அது பாட்டுக்குக் கொண்டுபோயி விட்டுரும்” என்றார். சித்தி அழுதுகொண்டே மாமாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். என் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருமணமாகிப் போகிறவர்கள் அழுவது வழக்கம்தானே என்று நான் நின்றேன்.

மதுரைச் சாலை முனை வரைக்கும் மாமாவும் நானும் நடந்துபோய் வழியனுப்பினோம். கார் சிறிதாகிக்கொண்டே போயிற்று. வெகுதூரத்தில் அதன் குரல் சட்டென்று தாழ்ந்தது.

“மாமா, அஞ்சாவது விழுந்திருச்சு!” என்றேன். நான் சொன்னதுதானே நடந்தது என்ற பெருமிதத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“ம்” என்றார். சத்தம் முற்றிலும் தேய்ந்த பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசம் மதுரையில ஒரு கல்யாணம் இருக்கே. நாமளும் அஞ்சாவதுலயே போவோமா?”

“போவோம் தாயி,” என்றார் மாமா. “பஸ்ஸுல போவோம்.”

மாமாவுக்கு எப்போதும் கேலிதான் என்று, வீடு வந்து சேரும்வரை நான் சிரித்துக்கொண்டே நடந்தேன்.