அப்பாவின் டிம்மரில் எல்இடி பல்பு

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவிட்சுப் பலகையின் ஓரமாக குமிழ் போல ஒரு கறுப்புத் திருகு இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் அப்பா வாங்கி மாட்டிய டிம்மர். அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. மாலையில் பளீரென்று வெளிச்சம் பட்டால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைத்து அம்மா சாமி கும்பிட்டு முடிக்கும்வரை குண்டு பல்பு முழுதாக எரியும். பிறகு அப்பா திருகை மெல்லத் திருப்புவார். வெளிச்சம் மஞ்சளாகி, தணலாகி, கடைசியில் பல்புக்குள் இழை மட்டும் செம்பு நிறத்தில் தெரியும். அதில் யாராலும் படிக்க முடியாது. அதனால் எல்லோரும் பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சுகள் இன்றும் எனக்கு அந்த நிறத்தோடுதான் நினைவிருக்கின்றன.

அப்பா போன பிறகு அம்மா அங்கேயே தனியாக இருந்தார். மஞ்சக்குப்பத்தில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "உன் வூட்டுல ராத்திரிகூட பகலாட்டம் இருக்குதுடா" என்பார். எங்கள் வீடு முழுக்கக் குழல் விளக்குகள். போன மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் பார்க்கும்வரை எழ முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகுதான், கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன் என்று ஒப்புக்கொண்டார். மறுபடி அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை.

அவர் வருவதற்கு முன் அப்பாவின் டிம்மரைக் கழற்றி எடுத்துவந்தேன். மனைவியின் தம்பி அதை எங்கள் கூடத்தில் மாட்டிக் கொடுத்தான். பல்பும் அவனே வாங்கி வந்தான்.

"குண்டு பல்பெல்லாம் இப்ப யாரு மாமா போடுறா? கரண்ட முழுங்கும். எல்இடி போடுவோம்."

"டிம்மருக்கு ஒத்து வருமா மச்சான்?"

"பல்புதான மாமா. எல்லாம் ஒண்ணுதான்."

போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று எரிந்தது. அதோடு விட்டுவிட்டோம்.

அம்மா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாலையில் எங்கள் காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டுக் கண்மூடி நின்றார். நெற்றி சுருங்குவது தெரிந்தது. அவர் கும்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுக்காமல் நான் திருகைத் திருப்பினேன். பல்பு சற்று மங்கியது, உர்ரென்று இரைந்தது, படபடவென்று துடித்தது, பிறகு சட்டென்று அணைந்து நின்றுவிட்டது.

விளக்கு வைத்த நேரத்தில் சமையல்கட்டு விளக்கைக்கூட அம்மா யாரையும் அணைக்க விடமாட்டார். அன்றோ, எங்கள் வீட்டில் அவர் ஏற்றிய முதல் விளக்கு. கண்ணைத் திறந்து இருண்ட பல்பைப் பார்த்தார்.

"நாளைக்கு என்னய பஸ் ஏத்தி வுட்டுடு."

"கரண்டுல ஏதோ கோளாறு அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. நான் வந்த நேரம் பாரு."

மறுநாள் காலை அம்மா பையைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுப் போகலாம், வெயில் தாழட்டும் என்று மனைவி நேரத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். அதற்குள் மச்சான் வந்து, குப்பையிலிருந்த பல்பு அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இதுலயே போட்டிருக்கு. டிம்மர்ல மாட்டக் கூடாதாம்."

"ஏன்டா, வாங்கும்போது படிக்க வெளிச்சம் பத்தலியா உனக்கு?" என்றாள் அவன் அக்கா.

கடையில் விசாரித்தோம். டிம்மரில் மங்குவதற்கென்றே எல்இடி பல்பு தனியாக வருகிறது. ஆனால் பழைய டிம்மர் குண்டு பல்புக்காகச் செய்தது. எல்இடி இழுக்கும் கொஞ்ச மின்சாரத்துக்கு அது சரியாக வேலை செய்யாது. டிம்மரையும் மாற்ற வேண்டும். இரண்டையும் வாங்கிவந்தோம். புதிய டிம்மரில் திருகைத் தவிர ஒரு சிறு திருகாணியும் உண்டு. எவ்வளவு குறைத்தாலும் பல்பு அணைந்துவிடாத இடத்தில் அதை நிறுத்த வேண்டும். பல தடவை பார்த்துப் பார்த்து நிறுத்தினேன்.

கழற்றிய பழைய டிம்மரைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா வச்சது. எடுக்க வேண்டியதாப் போச்சும்மா" என்றேன்.

"அதத்தான் வைக்கணும்னு நான் எப்படா சொன்னேன்? வெளக்கு வச்ச நேரத்துல பல்பு நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அதை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அந்த டிம்மர்மேல் ஆசை யாருக்கு இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அன்று மாலையும் அம்மாதான் விளக்கேற்றினார். நாங்கள் யாரும் சுவிட்சுப் பலகைப் பக்கம் போகவில்லை. கும்பிட்டு முடித்து, அவரே போய்த் திருகைத் திருப்பினார். கடைசிவரை திருப்பினார். இரைச்சல் இல்லை. வெளிச்சம் தணிந்து சுவரோரம் கொஞ்சமாகத் தங்கியது. செம்பு நிறம் வரவில்லை. இந்தப் பல்பு மங்குமே தவிரச் சிவக்காது. அம்மா ஒருமுறை கூட்டிப் பார்த்தார், மறுபடி குறைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கை நெற்றிக்குப் போகவில்லை.

"நாளைக்கு லீவுதான உனக்கு?"

"ஆமாம்மா."

"சிதம்பரம் போயி என் குத்துவெளக்க எடுத்தாந்துடு. உங்க காமாட்சியில எண்ணெயே நிக்க மாட்டேங்குது, ஒழுவுது."