மாமாவின் தோப்புப் புகை

பிள்ளைப்பாக்கத்தில் மாமா வீட்டுக்கு மேற்கே ஒரு சவுக்குத்தோப்பு இருந்தது. இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. தினமும் கம்பெனி பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் ஒரகடம் போகிறேன், பாதித் தூக்கத்தில். ஷிப்ட் முடிந்து திரும்பும்போதும் அப்படித்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. நிலத்தை விற்றுவிட்டு, ஆலைகளில் கழித்துப்போட்ட ஒயரை வாங்கிக் கொளுத்தி, உள்ளே இருக்கும் செம்பை எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். ராத்திரியில் கொளுத்தினால் நெருப்பு தெரியும், பகலில் கொளுத்தினால் புகை தெரியும், எப்படியும் புகார் போகும். அதற்காகத்தான் தோப்புக்குள் போனார்.

நெருக்கி நட்ட மரங்கள். மேலே காற்று ஓயாமல் இரையும். உள்ளே நின்றால் சட்டை நுனிகூட ஆடாது. பாதியாக வெட்டிய டிரம்மில் ஒயரைப் போட்டுக் கொளுத்துவார்கள். புகை கொஞ்சம் எழும்பி, கிளைகளுக்குக் கீழேயே படுத்துவிடும். ரோட்டில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"மேல கீற காத்து வேற, கீழ கீற காத்து வேற. ரெண்டுத்துக்கும் பேச்சுவார்த்த கெடையாது" என்பார் மாமா, ஏதோ அவரே பாகம் பிரித்துவிட்ட மாதிரி.

பேச்சுவார்த்தை உண்டு. மேலே ஓடுகிற காற்று மரத்தலைகளில் இடறிச் சுருள்கிறது. எப்போதாவது ஒரு சுருள் தோப்புக்குள் பாய்ந்து இறங்கி, அடியில் தேங்கிக் கிடப்பதை எல்லாம் வாரி வெளியே வீசும். வெகுநேரம் அசையாமல் கிடந்த புகை திடீரென்று மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் போய் விழுவதை நானே பார்த்திருக்கிறேன். கொல்லையில் ஆள் இல்லை என்பதால் மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்போது அத்தை, மாமாவின் மனைவி, கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. பிள்ளைகள் காதில் விழாமல் பெரியவர்கள் அதைப் பேசிக்கொள்வார்கள். குழந்தை பிறக்கும்வரை கொளுத்த வேண்டாம் என்று அத்தை கேட்டுப் பார்த்தாள்.

"பொக தோப்ப வுட்டுத் தாண்டாது. நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்றார் மாமா. அதோடு முடிந்தது.

ஆனி மாதம் வளைகாப்பு வைத்தார்கள். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிற மாதம். முதல் நாள்தான் ஒரு லோடு ஒயர் வந்து இறங்கியிருந்தது. ஊரே நம் பந்தலில் இருக்கிறது, வெளியே பார்க்க ஆளில்லை, இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று மாமா முடிவு செய்தார். இரண்டு ஆட்களைத் தோப்புக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை வேட்டியோடு வந்து வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார்.

அத்தை மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். அவளுடைய அம்மா சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் அண்டா அண்டாவாகக் கொண்டுவந்திருந்தார்.

மேற்கே இரைச்சல் ஏறியது. எப்போதும் கேட்கிற சத்தம், யாரும் திரும்பவில்லை. பந்தல் துணி ஒருமுறை உப்பியது. பிறகு கருப்பாக, பிளாஸ்டிக் நாற்றத்தோடு புகை உள்ளே வந்தது.

"இன்னாடி இது, கண்ணு எரிது."

"மாப்ள சாம்பிராணி போட ஆள் வெச்சிகிறாரு" என்றாள் அத்தையின் பெரியம்மா. சிரித்தார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி தயிர்சாதத்தை மூட ஓடினாள். அதற்குள் அதில் கரி விழுந்திருந்தது.

அத்தையின் அம்மா நேராக மாமாவிடம் போனார். "மாப்ள, இன்னாத்த கொளுத்த சொன்னீங்க?"

"எவனோ டயர கொளுத்திகிறான் அத்த."

"எம் பொண்ண இப்பவே இட்டுனு போறேன். கொழந்தய பாக்கணும்னா அங்க வந்து பாரு. உசுரோட பொறந்தா."

மாமா தோப்பைப் பார்த்துத் திட்டினார். "இன்னிக்குனு பாத்து திரும்பிச்சி பாரு காத்து." தப்பு முழுக்கக் காற்றின்மேல்.

குழந்தை உயிரோடுதான் பிறந்தது. பையன். மூன்று வயதில் மூச்சிழுப்பு வந்தது, இன்னும் போகவில்லை. எதனால் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அன்று பந்தலில் எல்லோரும் மூக்கைப் பொத்தியபோது அத்தை மட்டும் முந்தானையை இழுத்து வயிற்றின்மேல் போர்த்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினாள். வளையலெல்லாம் குலுங்கியது. புகை மூக்கில்தானே ஏறும், இவள் எதற்கு வயிற்றை மூடுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். தப்பாக என்ன சொல்லிவிட்டேன் என்று புரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.