நான் மாமாவைக் குணப்படுத்திய விதம்

ஆறாம் வகுப்பு அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறிய நான், அதே ஆண்டில் ஒரு குடிகாரரைக் குணப்படுத்திவிட்டதாக உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, பக்கத்து பெஞ்சுக்காரியிடம் அடக்கத்தோடு சொல்லியும் வைத்தேன்.

குடிகாரர் என் தாய்மாமா. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அம்மாவின் கல்யாணச் சீரோடு சீராக எங்கள் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அப்பா. பாலிடெக்னிக்கில் சேர்த்ததும் அப்பா. மாமா குடிக்கத் தொடங்கியவுடன் அவரோடு பேச்சை நிறுத்தியதும் அப்பாதான்.

எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்துவதென்றால் பேசாமல் இருப்பதல்ல, இன்னொருவர் வழியாகப் பேசுவது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "உங்க மாமாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. நான் கேட்பேன். "போதும்னு சொல்லு" என்பார் மாமா. நான் சொல்வேன். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

கடைசியில் மாமாவைப் பெருங்களத்தூரில் குடியை நிறுத்தவைக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த லேடி டாக்டர், ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பமே வர வேண்டும் என்றார். நாங்களும் தாம்பரத்தில் பஸ் மாறி, புளியோதரையோடு போவோம். அம்மா உள்ளே போய் அழுவாள். அப்பா வராந்தாவோடு நின்றுகொள்வார். நடுவில் நான்.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது மாமா பையைக் கட்டி வைத்திருந்தார். டாக்டர் வராந்தாவுக்கு வந்து, "என்னால கட்டிப்போட முடியாது சார். இன்னிக்கு வெளிய போனா நேரா கடைக்குத்தான் போவாரு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "அவனுக்கு வெக்கம் மானம் ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுட்டு வா."

உள்ளே ஓடினேன். ஓடும்போதே செய்தியைக் கொஞ்சம் திருத்தினேன். "மாமா, ராத்திரி தூக்கம் வருதான்னு அப்பா கேக்கறாரு."

"உங்கப்பாவா? அவரு அப்படில்லாம் கேக்க மாட்டாரு பாப்பா."

"நெஜமா மாமா. அழுதுகினே கேட்டாரு."

அந்த அழுகைதான் காரியத்தைக் கெடுத்தது. மாமா சிரித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். என் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்த டாக்டர் நேராக அப்பாவிடம் போனார். என் திருத்தங்கள் அத்தனையும் அம்பலமாயின.

"குழந்தை கீழ விழுந்தா யார்கிட்ட சார் ஓடும்? பெரியவங்களுக்கும் ஓடறதுக்கு ஒரு ஆள் வேணும். இவர் சின்ன வயசுலேர்ந்து ஓடி வந்தது உங்ககிட்ட. நீங்க கதவைச் சாத்திட்டீங்க, அவர் பாட்டில்கிட்ட ஓடறாரு."

"நான் சாத்தினதாலயா குடிச்சான்? குடிச்சதாலதான் சாத்தினேன்."

"சரி சார், யார் முதல்லன்னு அப்புறம் பேசுவோம். இப்ப உள்ள போங்க."

"போய் என்னத்தைச் சொல்றது?"

"உங்க பொண்ணு சொன்னதையே சொல்லுங்க. அழ வேணாம்." பிறகு என்னிடம், "நீ இங்கயே இரும்மா" என்றார்.

இதற்குப் பிணைப்புக் கோட்பாடு என்று பெயர் இருப்பதையும், குடும்பத்தையே மருந்தாகக் கொடுக்கும் வழி ஒன்று உண்டென்பதையும் பிற்காலத்தில் தடித்தடியான புத்தகங்களில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை நாள் உழைத்தவளை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா வாட்சைக் கழற்றினார், மறுபடி கட்டினார். நெடுநேரம் மின்விசிறியை ஆராய்ந்தார். பிறகு, "ராத்திரி தூக்கம் வருதாடா?" என்றார்.

நான் சொன்ன அதே வரிதான். நான் சொன்னபோது சிரித்த மனிதர், இப்போது அப்பாவின் சட்டையில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவின் கை எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு அவர் தலையில் இறங்கியது. தோளிலிருந்து நழுவிய பையை அப்பா காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். "அப்பாவுக்குக் கேக்கவே தெரியலம்மா. மாமாவை எப்படி அழ வெச்சுட்டாரு பாத்தியா? நான் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு."

அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அதுக்குத்தான்டி உன்னை வெளிய நிக்க வெச்சாங்க."