தாஷ்கண்டில் கால் கிண்ணம் டீ

‘ஸ்தான்’ என்று முடிகிற எந்த நாடும் உருப்படியாக இருக்காது என்பது என் கணவருடைய பூகோளம். உஸ்பெகிஸ்தானுக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, எங்கள் ஊர்க் கரமனை ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அங்கெல்லாம் தெருவுக்குத் தெரு துப்பாக்கி வெச்சிண்டு நிப்பா" என்றார்.

"ஏன்னா, அது வேற ஸ்தான்."

"எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு?"

அவரை ஏன் சொல்ல வேண்டும், எனக்கும் அந்த நாட்டைப் பற்றி அதற்குமேல் ஒரு இழவும் தெரியாது. மணல் இருக்கும், ஒட்டகம் இருக்கும், மூன்று வேளையும் ஆட்டுக்கறி இருக்கும். ஆண்கள் உட்கார்ந்து வியாபாரம் பேச, பெண்கள் கதவு மறைவில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இப்படி ஒரு நாட்டை மனசுக்குள் நானே கட்டிக் குடியேறியும் விட்டிருந்தேன். பெட்டியில் புடவைக்கு இடமில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, முறுக்கு, குட்டி ரைஸ் குக்கர், காப்பிப்பொடி, ஃபில்டர் எல்லாம் முதலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன.

போயே ஆகவேண்டிய கட்டாயம். ஊருக்கு வெளியே சிறயின்கீழ் பக்கம் நானும் என் பள்ளிக்கூடத்துத் தோழியும் சேர்ந்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறோம். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளை அலசி, உப்புப் போக்கி, காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்தி விற்கிறோம். மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்ப்பார்கள். நான் பேங்க் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். அவள் இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்து துபாய்க்கு அனுப்பியவள். எங்களிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று கையை விரித்துவிட்டான். தாஷ்கண்டுக்கு வெளியே கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி போடும் ஒரு குடும்பம் மட்டும், நேரில் வந்தால் பேசலாம் என்றது. அதுவும் நடக்காவிட்டால் யூனிட்டுக்குப் பூட்டு. அவள் துபாய் போய்ப் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளை அதற்காக அவளுக்கு பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தான்.

ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பினாள். "கேட்டியா, பிள்ளைங்க கூட இருக்கது சந்தோஷந்தான். ஆனா அந்த பிளாட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க என்னால முடியாதுடீ" என்றாள். அவள் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற வார்த்தை அபூர்வமாகத்தான் வரும்.

டெல்லியில் விமானம் மாறி தாஷ்கண்டில் இறங்கினேன். பூப்போட்ட கவுனும் தலையில் ஸ்கார்ஃபுமாக ஒரு ஆகிருதியான அம்மாள், வாய் நிறையத் தங்கப்பல் தெரியச் சிரித்து, என் பெட்டியைப் பிடுங்கி காருக்குள் எறிந்தாள். அறுபது வயது இருக்கும். ஓட்டியதும் அவள்தான். அவளுடைய பிள்ளை பின்சீட்டில் பவ்யமாக உட்கார்ந்து, அம்மா சொல்வதை இங்கிலீஷில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். தக்காளித் தோட்டத்துக்கு முதலாளி அந்த அம்மாள்தான், பிள்ளை சம்பளத்துக்கு இருக்கிறான் என்று தெரிந்தபோது என் கதவு மறைவுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள்.

மணலையும் காணோம். தெரு முழுக்க மரநிழல், ஓரமாக வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர், மலைபோல் குவித்து வைத்த முலாம்பழம். சுரங்க ரயில் நிலையத்தில் தூணும் சரவிளக்குமாக யாரோ கல்யாண மண்டபம் கட்டிவைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் வைத்த சமோசா, தக்காளியும் வெங்காயமும் சீவிப்போட்ட தட்டு, சுடச்சுட வட்ட ரொட்டி. ஒட்டகத்தைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை. ரைஸ் குக்கரைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே வெட்கமாக இருந்தது.

எல்லாம் சரி, டீயில்தான் இடித்தது.

அவர்கள் வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார வைத்தாள். பால் இல்லாத பச்சை டீ. கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் ஊற்றினாள், திரும்பக் கெட்டிலிலேயே கொட்டினாள், மறுபடி ஊற்றினாள், மறுபடி கொட்டினாள். கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக என் கைக்கு வந்த கிண்ணத்தில் அடியில் கால் பங்குதான் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் குழாய் ரிப்பேருக்கு வருகிறவருக்கே டம்ளர் வழிய வழியத்தான் காப்பி. நாடு தாண்டி, மலை தாண்டி வந்தவளுக்குக் கால் கிண்ணமா? குடித்து முடித்ததும் இன்னொரு கால். அப்புறம் இன்னொரு கால். வியாபாரத்தைப் பற்றி மூச்சில்லை. என் பிள்ளைகள், என் மாமியார், எங்கள் ஊர் மழை என்று கேள்வி மேல் கேள்வி. நாள் முழுக்க இப்படியே போயிற்று.

மறுநாள் அங்கே வேறொரு ஆள் வந்து சேர்ந்தான். வேறு நாட்டிலிருந்து இதே தேங்காய்த்தூளை விற்க வந்தவன். கோட்டு, பளபளக்கும் ஷூ, கையில் லேப்டாப். உட்கார்ந்ததும் உட்காராததுமாக விலை, தள்ளுபடி, கையெழுத்து என்று பொரிந்து தள்ளினான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கெட்டிலை எடுத்து, அவன் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். பக்கத்தில் என் கிண்ணத்தில் அதே கால் பங்கு. அவன் ரசித்துக் குடித்துவிட்டு, சிரித்த முகமாகக் கை குலுக்கிப் போய்ச் சேர்ந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்திரம் தோழிக்கு போன் போட்டேன். "நம்ம ஜோலி முடிஞ்சுதுடீ. அவனுக்கு முழுக் கிண்ணம், எனக்குக் கால். இதுக்கு மேல வாயைத் திறந்து வேற சொல்லணுமா?"

"சாரமில்ல, நீ பத்திரமா வந்து சேரு. நான் மோன்கிட்ட துபாய்க்கு டிக்கெட் போடச் சொல்லுதேன்" என்றாள். பரவாயில்லை என்பதை அவள் ‘சாரமில்ல’ என்று சொன்ன விதம் என்னைத் தூங்க விடவில்லை.

காலையில் எழுந்தபோது எனக்கு வீம்பு வந்திருந்தது. ஆர்டர் போனால் போகட்டும், விருந்தோம்பல் என்றால் என்ன என்று இந்தத் தங்கப்பல்லுக்குக் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவது. இன்றைக்கு நான் காப்பி போடுகிறேன் என்று சொல்லி அவர்கள் அடுக்களைக்குள் நுழைந்தேன். திக்காக டிகாக்‌ஷன் இறங்கியது. பாலும் நல்ல பால். அம்மாள், பிள்ளை, மருமகள் மூவருக்கும் கிண்ணத்தில் நுரை ததும்ப, இதற்குமேல் ஒரு சொட்டு கொள்ளாது என்கிற அளவுக்கு ஊற்றி, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாள் என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், இரண்டு கையாலும் எடுத்து ஒரே மூச்சில் குடித்து வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு "ரஹ்மத்" என்று நன்றி சொன்னாள். எழுந்தாள். ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி, கைப்பையை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். பிள்ளையும் மருமகளும் பின்னாலேயே போனார்கள். அடுத்தவர் வீட்டில், கையில் ஃபில்டரோடு நான் மட்டும் நின்றேன். காப்பி அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை திரும்பி வந்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "எங்கள் பக்கத்தில் கிண்ணத்தை நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இருங்கள், உங்களுக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுந்து ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நீங்கள் என் அம்மாவை அவருடைய வீட்டிலிருந்தே கிளப்பிவிட்டீர்கள்" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். சட்டென்று இன்னொன்று உறைத்தது. "அப்போ, நேற்று வந்தவர்?"

"அவரைக் கிளப்பத்தான்" என்றான்.

வாசல் கதவு தட்டப்பட்டது. போய்த் திறந்தேன். அந்த அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல்தடவை வருகிற விருந்தாளி மாதிரி அடக்க ஒடுக்கமாக நின்றிருந்தாள். "வாங்கோ, வாங்கோ, உள்ளே வாங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. உட்காரவைத்து, அடி நனைகிற அளவுக்குக் காப்பி ஊற்றினேன். குடித்துவிட்டு நீட்டினாள். மறுபடி ஊற்றினேன். அன்றைக்கு நான் எழுந்ததற்குக் கணக்கே கிடையாது, முட்டி கழன்றுவிட்டது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேலையில் என்றைக்கும் கிடைத்ததில்லை. நடுவில் என் தோழியைப் பற்றிக் கேட்டாள். தூளை அலசுவது யார், காயவைப்பது யார், இத்தனை வருஷம் யூனிட்டைத் தூக்கி நிறுத்தியது யார் என்று எல்லாம் சொன்னேன். அவள் துபாய் போகப்போவதையும் மறைக்கவில்லை.

அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிள்ளை மொழிபெயர்த்தான். "சரக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வருஷம் முழுக்க உங்களிடமே வாங்குகிறேன். ஆனால் அந்தப் பெண்மணியும் இங்கே வந்து என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கவேண்டும். அதற்கப்புறம்தான் கையெழுத்து. ஊரைவிட்டுப் போகிறவளோடு நான் என்ன வியாபாரம் செய்வது?"

முற்றத்தை விட்டு வெளியே வந்து போன் போட்டேன். தோழி யூனிட்டில் இருந்தாள். பின்னால் சல்லடை ஆடுகிற சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டது. துபாய்க்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன், பிள்ளை விலை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"எடீ, லைன்ல இருக்கியா?"

"இரி, கட் பண்ணாத" என்றாள். செல்போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. யூனிட் போனில் நம்பர் அமுக்குவது கேட்டது. அப்புறம், யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லியே பழக்கமில்லாத என் தோழியின் குரல், கொஞ்சம் அதட்டலாகவே கேட்டது.

"மோனே, டிக்கெட் போட வேண்டாம், கேட்டியா. அம்மைக்கு தாஷ்கண்ட்ல ஒரு மீட்டிங் உண்டு."