எழுதாத விதியும் ஏணியும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரிக் கையேடு தானாகவே ஒவ்வொருவரையும் வசைபாடியது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கணினிக்குள் யாரோ சூனியம் வைத்துவிட்டார்களாம். விசாரித்துப் பார்த்தால் சூனியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உள்ளே புகுந்தவர், குடியிருப்பில் எல்லோரும் வரிசைக்காரர் என்று அழைக்கும் ஆசாமிதான்.

புத்தகங்களுக்குக் கணினியில் பக்கம் அமைக்கும் அலுவலகம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். வீட்டில் செருப்புகள்கூட வயதுப்படிதான் நிற்கும். சாப்பாட்டில் முதல் தட்டு அவருக்கு, கடைசித் தட்டு மனைவிக்கு, நடுவில் பிள்ளைகள், பிறந்த முறைப்படி. முன்னால் நிற்பவன் பெரியவன் என்ற ஒரே தத்துவத்தை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டவருக்கு, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி மீது ஆசை வந்தது. தலைவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்.

"கையேட்டை நீங்களே அமைச்சுக் குடுங்க மாப்பிள்ளை. கூட்டத்துல உங்க பேரை நானே சொல்றேன்" என்று மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டு விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் எண், பெயர், தொலைபேசி. அதோடு 'குறிப்பு' என்று ஓர் உறுப்பு. அது அவருடைய சொந்தச் சேர்க்கை. முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாததையெல்லாம் அதில் துப்பி வைத்திருந்தார்.

கோப்பைக் கையேடாக மாற்ற, அதற்கென்றே உள்ள எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் விதிகள் எழுதினார்: இன்னது வந்தால் இப்படி அச்சிடு. தலைவருக்கான விதியை உச்சியில் உட்காரவைத்தார். மச்சான் பெயர் முதலில் வந்துவிடும் என்று கணக்கு. மற்றவை எல்லாம் அதன் காலடியில். குறிப்புக்கு மட்டும் விதியே எழுதவில்லை. சொல்லாததை எந்தக் கணினி செய்யும்?

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க விதியை எந்த வரிசையில எழுதினாலும் அது சட்டை பண்ணாதுண்ணே. கோப்போட தலையிலேருந்து ஒவ்வொண்ணா இறங்கி வரும். எதிர்ப்படறதுக்கு எந்த விதி கச்சிதமாப் பொருந்துதோ அதை எடுத்துக்கும். ரெண்டு சரிசமமாப் பொருந்தினா, பெரும்பாலும் கடைசியா எழுதினதுக்குத்தான் மரியாதை."

"கடைசியா வந்தவனுக்கு மரியாதையா? அது உங்க வீட்டுல."

"எங்க வீட்டுல பசிச்சவங்க முதல்ல சாப்பிடுவாங்க. அது கிடக்கட்டும், குறிப்புக்கு விதி எங்கே? எழுதலன்னா அது சும்மா இருக்காது, உள்ள இருக்கிற எழுத்தை அப்படியே கொட்டிடும். வரக் கூடாதுன்னா காலியா ஒரு விதி வைக்கணும்."

ஒன்றும் செய்யாதே என்பதற்கும் ஒரு விதியா என்று அலுவலகமே கேட்கும்படி அவர் நக்கலடித்தார். ஒருதடவை ஓட்டியாவது பாருங்கள் என்றாள். தான் எழுதியதைத் தானே சந்தேகப்படுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ரகம் அவர். கையேடு நேரே அச்சுக்குப் போனது.

கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கையேட்டில் முதலில் நின்றவர் தலைவர் இல்லை. கோப்பில் முதலில் இருந்த தரைத்தளத் தையல்காரர். "மிஷின் சத்தத்தில் மனிதன் தூங்க முடியவில்லை" என்று பெயருக்கடியில் தன்னைப் பற்றியே படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்கள் அவசரமாகத் தங்கள் பக்கத்தைப் புரட்டினார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தலைவருக்கென்று எழுதிய விதி பொது விதியை வென்று, மச்சான் பெயரைத் தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தது. ஆனால் மூன்றாம் மாடி வீடுகளின் பக்கத்தில், கோப்பில் அவர் முறை வந்தபோது. தொலைபேசி எண்ணை ஒட்டியே குறிப்பும் கொட்டியிருந்தது: "ஏணி வாங்கினால் திரும்பாது. கேட்டால் பல்லைக் காட்டுவான்."

மச்சான் படித்தார். பல்லைக் காட்டவில்லை. எழுந்து, செயலாளர் பதவிக்குத் தையல்காரர் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த வரிசைக்காரர் கணினியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். மனைவி காது கொடுக்கவில்லை. கூடத்து விளக்கு எரியாமல் போய் நாளாகிறது. மாற்ற, அண்ணன் இரவல் வாங்கிப் போன ஏணி வேண்டும்.

"அண்ணன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு, அப்படியே ஏணியையும் வாங்கிட்டு வாங்க."

"முதல்ல அவன் ஏணியைத் தரட்டும். அப்புறந்தான் மன்னிப்பு. எதுக்கும் ஒரு வரிசை இருக்கு."

முதல் தட்டு யாருக்குப் போகிறதென்று இப்போது அந்த இருட்டில் தெரிவதில்லை. ஏணி இன்னும் மூன்றாம் மாடியில்தான்.